சுல்தானை மாற்றினால் போதுமா? இளவரசர் சபாஹத்தினின் அரசியல் வாழ்வு

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட மனிதரின் பெயர் தமிழில் அதிகம் புழங்காதது. உதுமானியப் பேரரசின் கடைசிக் காலத்தைப் படிக்கும் எவரும் சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீதையும், அவருடைய அதிகாரத்தை முறித்த இளம் துருக்கியரையும், பின்னால் குடியரசு அமைத்த முஸ்தபா கமாலையும் அறிவார்கள். இந்த மூன்று ஆட்சிகளின் காலத்திலும் நாட்டுக்கு வெளியே வாழ நேர்ந்தவர் இளவரசர் மெஹ்மத் சபாஹத்தின். சுல்தானின் ஆட்சியில் தந்தையோடு தப்பிச் சென்றார். இளம் துருக்கியர் அவருக்கு மரண தண்டனை விதித்தார்கள். குடியரசு, அரச குடும்பத்தைச் சேர்ந்தவர் என்று கூறி அவரை எல்லைக்கு வெளியே அனுப்பியது. துருக்கியில் ஒரு சாரார் அவரைத் தாராளவாதத்தின் முன்னோடி என்று போற்றுகிறார்கள். மறு சாரார் அந்நியரை உள்ளே அழைத்தவர், நாட்டைத் துண்டாட வழி சொன்னவர் என்று ஏசுகிறார்கள். இரு சாராரும் அவர் முன்வைத்த தீர்வுகளைப் பற்றியே பேசுகிறார்கள். அவர் எழுப்பிய கேள்வி அவர்கள் கவனத்திலிருந்து தப்பிவிடுகிறது. சுல்தானை அகற்றிய பின்னும் சுல்தானின் ஆட்சிமுறை ஏன் அகலாமல் நிற்கிறது என்பதே அவர் கேள்வி. அவருடைய தீர்வுகளில் பல வலுவற்றவை, சில தவறானவை. அவருடைய நடத்தையும் சில இடங்களில் அவர் கொள்கைக்கே எதிராக இருந்தது. இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகும் அந்தக் கேள்வி உண்மையான கேள்வியே என்பதை, 1908 முதல் 1913 வரை அந்த நாட்டில் நடந்தவை காட்டுகின்றன. அதை நிறுவுவதே இப்பொழிவின் நோக்கம்.

சபாஹத்தின் 1870களின் இறுதியில் இஸ்தான்புல்லில் பிறந்தார். தாய் செனிஹா சுல்தான், சுல்தான் அப்துல் மஜீதின் மகள். அப்துல் ஹமீதுக்கு மாற்றாந்தாய் வழிச் சகோதரி. அந்த வகையில் அரியணையில் இருந்தவர் சபாஹத்தினுக்குத் தாய்மாமன். தந்தை மஹ்மூத் ஜெலாலத்தின் பாஷா, ஒரு காலத்தில் நீதித்துறை அமைச்சராக இருந்தவர். உதுமானிய மரபில் வாரிசுரிமை ஆண்வழிக்கு மட்டுமே உண்டு. அரச குடும்பத்துப் பெண்ணின் மகனுக்கு அரியணையில் எந்தப் பாத்தியதையும் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் அவர் அரியணைக்கு ஆசைப்பட்டார் என்று சொல்வது எளிது, அது நடக்கவே வழியில்லாத ஆசை. 1876-இல் வந்த அரசியல் சட்டமும் நாடாளுமன்றமும் இரண்டே ஆண்டுகளில் முடக்கப்பட்டன. அதற்குப் பின் முப்பது ஆண்டுகள் பேரரசு முழுவதும் இல்திஸ் அரண்மனையிலிருந்து ஆளப்பட்டது. அமைச்சரகங்கள் பெயருக்கு இருந்தன. உளவாளிகள் எழுதி அனுப்பும் அறிக்கைகளே மெய்யான நிர்வாகமாக இருந்தன. 1899 டிசம்பரில் மஹ்மூத் பாஷா தம் இரு மகன்களான சபாஹத்தினையும் லுத்ஃபுல்லாவையும் அழைத்துக்கொண்டு பிரான்சுக்குத் தப்பினார். பாக்தாத் ரயில் பாதை உரிமை ஜெர்மானியர் கைக்குப் போனதில் அவருக்கு மனக்கசப்பு இருந்தது என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். இருக்கலாம். தந்தையின் நோக்கம் கலப்படமாக இருந்தது என்பதால் மகனின் சிந்தனை பொய்யாகிவிடாது. சுல்தானின் தூதர்கள் துரத்தத் துரத்த, பாஷா ஊர் ஊராக அலைந்து 1903-இல் பிரஸ்ஸல்ஸில் இறந்தார்.

அந்த அலைச்சலுக்கு நடுவில்தான் சபாஹத்தின் அரசியலில் தனிக்குரலாக எழுந்தார். 1902 பிப்ரவரியில் பாரிஸில், ஒரு பிரெஞ்சு அறிஞரின் வீட்டில், உதுமானிய எதிர்க்கட்சியினரின் முதல் மாநாடு கூடியது. துருக்கியர், அரபியர், அல்பானியர், குர்துகள், சர்க்காசியர், கிரேக்கர், ஆர்மீனியர், யூதர் எனப் பேரரசின் பல இனத்தவரும் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்தார்கள். இது சாதாரணச் செய்தி அன்று. 1894 முதல் 1896 வரை அனத்தோலியாவில் ஆர்மீனியர் பெருந்திரளாகக் கொல்லப்பட்டு ஆறே ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்தக் கொலைகளின் நினைவோடு வந்தவர்களையும், ஆளும் இனத்தவராகப் பிறந்தவர்களையும் சேர்த்துப் பேசவைத்ததே சபாஹத்தினின் முதல் சாதனை என்பேன். ஆனால் மாநாடு ஒன்றாக முடியவில்லை. மாற்றம் கொண்டுவர வெளிநாட்டு வல்லரசுகளின் துணையைக் கேட்கலாமா என்ற கேள்வியில் அது இரண்டாகப் பிளந்தது. பெரும்பான்மையோர் சபாஹத்தினோடு நின்று, 1856 பாரிஸ் உடன்படிக்கையிலும் 1878 பெர்லின் உடன்படிக்கையிலும் கையெழுத்திட்ட வல்லரசுகள் அவற்றின் ஷரத்துகளை நிறைவேற்ற உதவ வேண்டும் என்றார்கள். அகமத் ரிசா தலைமையில் சிறுபான்மையோர், வல்லரசுகள் தங்கள் ஆதாயத்துக்காக மட்டுமே வருவார்கள், வந்தவர்கள் திரும்பிப் போக மாட்டார்கள் என்று எதிர்த்தார்கள்.

சபாஹத்தினைப் பற்றிய முதல் குற்றச்சாட்டு இங்கிருந்துதான் கிளம்புகிறது. அதை மழுப்பக் கூடாது. இந்த ஒரு விஷயத்தில் அகமத் ரிசாவின் மதிப்பீடே சரி. 1882-இல் எகிப்துக்குள் நுழைந்த பிரிட்டிஷ் படை தற்காலிகமாகத்தான் வந்திருக்கிறோம் என்று சொல்லியே நுழைந்தது. இருபது ஆண்டுகள் கழித்தும் அங்கேயே இருந்தது. அந்தப் பாடம் எல்லார் கண் முன்னாலும் இருந்த காலம் அது. தீர்மானம் படையெடுப்பைக் கேட்கவில்லை, ஏற்கெனவே ஒப்புக்கொண்ட கடமைகளை மட்டுமே கேட்டது என்று சபாஹத்தினின் ஆதரவாளர்கள் சொல்வார்கள். எழுத்தின்படி அது உண்மைதான். ஆனால் கடமையைச் செய்யவைக்கும் வலிமை இல்லாதவன் வல்லரசிடம் கடமையைப் பற்றிப் பேசும்போது அது வேண்டுகோளாகத்தான் முடியும். மாநாட்டுக்குப் பிறகு சபாஹத்தினும் அல்பானியரான இஸ்மாயில் கெமாலும், லிபியாவின் திரிப்போலியில் ஆளுநராக இருந்த ரெஜப் பாஷாவின் படையை நம்பி ஒரு ஆட்சிக்கவிழ்ப்புக்குத் திட்டமிட்டார்கள். இங்கிலாந்தின் ஆதரவையும் தேடினார்கள். அத்திட்டம் தொடங்கும் முன்பே சிதைந்தது. மேலிருந்து அதிகாரத்தைப் பிடிக்கப் பார்த்த அந்த முயற்சியின் தோல்விக்குப் பின்னர்தான் அவர் அரசியல் சூழ்ச்சியிலிருந்து சற்று விலகிப் படிப்பின் பக்கம் திரும்பினார். அவர் சிந்தனை முதிர்ந்தது அப்போதுதான்.

பிரெஞ்சு எழுத்தாளர் எட்மண்ட் டெமோலான் 1897-இல் ஒரு நூல் வெளியிட்டார். ஆங்கிலோ-சாக்சன் மக்களின் மேன்மைக்குக் காரணம் என்ன என்பது அதன் கேள்வி. ஐரோப்பாவில் அது பெரும் பரபரப்பை உண்டாக்கியது. எகிப்தில் ஃபத்ஹி ஜக்லூல் 1899-இலேயே அதை அரபியில் மொழிபெயர்த்தார். அந்நூல் சபாஹத்தினைப் பிடித்துக்கொண்டது. டெமோலானின் ஆசான் மரபு பிரெடெரிக் லெ ப்ளே என்ற சுரங்கப் பொறியாளரிடம் தொடங்குவது. லெ ப்ளே ஐரோப்பா முழுதும் சுற்றி, தொழிலாளர் குடும்பங்களின் வரவுசெலவைக் கணக்கிட்டு, 1855-இல் பெருநூலாக வெளியிட்டவர். சமூகத்தைப் புரிந்துகொள்ள அரசாங்கத்திலிருந்து தொடங்காதே, குடும்பத்திலிருந்து தொடங்கு என்பது அவர் வழி. அவரைப் பின்பற்றியவர்கள் சமூகங்களை இரு வகையாகப் பிரித்தார்கள். ஒன்றில் தனிமனிதன் குடும்பம், குலம், அரசு போன்ற கூட்டத்தின்மேல் சாய்ந்து வாழ்கிறான். மற்றதில் தன் முயற்சியின்மேல் நிற்கிறான். சபாஹத்தின் இந்தப் பாகுபாட்டை எடுத்துத் தம் நாட்டின்மேல் வைத்துப் பார்த்தார். அங்கே படித்த இளைஞனுக்குத் தெரிந்த பிழைப்பு ஒன்றே ஒன்று: அரசாங்க உத்தியோகம். நிலம் உண்டு, அதில் முதல் போட்டு உழைக்கும் படித்தவன் இல்லை. வணிகம் உண்டு, அது பெரும்பாலும் வேறு சமூகத்தவர் கையிலும் வெளிநாட்டார் கையிலும் இருக்கிறது. ஆகவே நாட்டின் அறிவும் ஆசையும் போட்டியும் ஒரே வாசலை நோக்கி நெருக்குகின்றன. சம்பளமும் பதவி உயர்வும் ஒரே இடத்திலிருந்து வரும்போது, அந்த இடத்தில் யார் உட்கார்ந்தாலும் அவர் சுல்தானாகிவிடுகிறார்.

இந்தக் கண்டறிதலைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன். அவருடைய சமகாலத்து எதிர்க்கட்சியினர் அனைவரும், அப்துல் ஹமீது போனால், 1876-இன் அரசியல் சட்டம் திரும்பினால், விடிந்துவிடும் என்று நம்பினார்கள். அந்த நம்பிக்கையில் நேர்மை இருந்தது. அதற்காகச் சிறையிலும் பாலைவனத்திலும் உயிரைவிட்டவர்களை நாம் குறைத்துப் பேச முடியாது. ஆனால் கொடுங்கோன்மையை ஓர் ஆளின் குணமாகவே அவர்கள் பார்த்தார்கள். சபாஹத்தின் அதை ஒரு சமூகத்தின் வாழ்க்கைமுறையில் வேர்விட்ட ஒன்றாகப் பார்த்தார். அதனால்தான் 1906-இல் பாரிஸில் அவர் தொடங்கிய சங்கத்துக்குத் தனிமனித முயற்சி, அதிகாரப் பரவல் என்ற இரண்டையும் சேர்த்துப் பெயரிட்டார். முதலாவது பொருளாதாரத்தையும் கல்வியையும் பற்றியது. இரண்டாவது நிர்வாகத்தைப் பற்றியது. இரண்டையும் பிரிக்க முடியாது என்பது அவர் வாதம். மாகாணத்துக்கு அதிகாரம் கொடுத்துவிட்டு, அதைக் கையாளச் சொந்தக் காலில் நிற்கும் மனிதர்கள் இல்லாவிட்டால், ஒரு பெரிய சுல்தானுக்குப் பதில் முப்பது சின்ன சுல்தான்கள் வருவார்கள். மனிதர்கள் இருந்தும் அதிகாரம் தலைநகரிலேயே இருந்தால், அவர்கள் முயற்சி ஒரு குமாஸ்தாவின் கையெழுத்துக்காகக் காத்துக் கிடக்கும். ‘தெரக்கி’ என்ற அவருடைய இதழ் இந்த வாதத்தை விடாமல் எழுதியது.

இது வெறும் ஏட்டுப் பேச்சு என்பாருக்கு எர்சுரூம் நகரைக் காட்டலாம். 1906, 1907 ஆண்டுகளில் கிழக்கு அனத்தோலியாவின் அந்த நகரில், புதிதாக விதித்த தலைவரிக்கும் கால்நடை வரிக்கும் எதிராக மக்கள் கிளர்ந்தார்கள். கடைகளை மூடினார்கள், ஆளுநரை வெளியேறச் செய்தார்கள். முஸ்லிம்களும் ஆர்மீனியரும் ஒரே மனக்குறையோடு நின்றார்கள். சபாஹத்தினின் சங்கத்தைச் சேர்ந்த ஹுசைன் தோசுன் அங்கே மறைவாக வேலை செய்தார். கடைசியில் அரசு அந்த வரிகளைக் கைவிட நேர்ந்தது. அந்த மக்கள் கேட்டது தங்கள் பணம் எங்கே போகிறது, யார் முடிவு செய்கிறார்கள் என்பதை. நாடாளுமன்ற முறையின் நுணுக்கங்களை அவர்கள் கேட்கவில்லை. அதிகாரப் பரவல் என்பது ஓர் அனத்தோலியக் கடைக்காரரின் வாழ்வில் என்ன பொருள் தரும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அக்காலத்தில் எனக்குத் தென்படவில்லை. 1907 டிசம்பரில் பாரிஸில் இரண்டாம் மாநாடு கூடியது. ஐந்தாண்டுகளுக்கு முன் பிரிந்த அகமத் ரிசாவும் சபாஹத்தினும், ஆர்மீனியரின் தஷ்னாக் கட்சியைச் சேர்ந்த மலூமியானும் மாறி மாறித் தலைமை வகித்தார்கள். அப்துல் ஹமீதை அகற்ற வேண்டும், தேவையானால் ஆயுதம் ஏந்தலாம் என்று முடிவாயிற்று.

அந்த முடிவைச் செயலாக்கியவர்கள் பாரிஸில் இருந்தவர்கள் அல்லர். மாசிடோனியாவில் இருந்த ராணுவ அதிகாரிகள். 1908 ஜூலையில் அவர்கள் கிளர்ந்ததும் சுல்தான் அரசியல் சட்டத்தைத் திரும்ப அறிவித்தார். செப்டம்பரில் சபாஹத்தின் தந்தையின் உடலோடு இஸ்தான்புல் திரும்பினார், பெருங்கூட்டம் வரவேற்றது. அதே மாதம் அவர் கருத்துகளை ஒட்டி அஹ்ரார் என்ற தாராளவாதக் கட்சி தொடங்கப்பட்டது. அவர் அதன் தலைமையை ஏற்கவில்லை. மாசிடோனியாவில் கிளர்ந்த அதிகாரிகளின் அமைப்பு, இளம் துருக்கியரின் ஐக்கிய முன்னேற்றக் கழகம். அதன் பத்திரிகையாளர்கள், குறிப்பாக ‘தனின்’ இதழின் ஹுசைன் ஜாஹித், அதிகாரப் பரவல் என்றால் பிரிவினை என்று எழுதித் தள்ளினார்கள். சபாஹத்தின் விளக்கம் மேல் விளக்கம் எழுதினார். தாம் கேட்பது அரசியல் தன்னாட்சி இல்லை. மாகாணங்களின் நிர்வாக அதிகாரத்தை விரிவாக்கிப் பணிகளைப் பிரித்துத் தர வேண்டும் என்று 1876 அரசியல் சட்டத்தின் 108-ஆம் பிரிவு சொல்கிறதே, அதை நிறைவேற்றுங்கள் என்பதுதான் என்றார். சட்டத்தை மீட்டதாகப் பெருமை பேசியவர்களிடம் அந்தச் சட்டத்தின் ஒரு பிரிவையே நினைவூட்ட வேண்டியிருந்தது. தேர்தலில் அஹ்ரார் மண்ணைக் கவ்வியது. 1909 ஏப்ரல் தொடக்கத்தில், கழகத்தைக் கண்டித்து எழுதிய ‘செர்பெஸ்தி’ இதழின் ஆசிரியர் ஹசன் ஃபெஹ்மி கலாத்தா பாலத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஒரு வாரத்தில் தலைநகரில் படைவீரர் கலகம் வெடித்தது. மாசிடோனியாவிலிருந்து வந்த படை அதை அடக்கி, அப்துல் ஹமீதை அரியணையிலிருந்து இறக்கியது. கலகத்தில் சபாஹத்தினுக்குப் பங்குண்டு என்று கைது செய்தார்கள், பிறகு விட்டுவிட்டார்கள். அவர் மறுபடி ஐரோப்பாவுக்குப் போனார்.

இனி நான் முன்வைத்த வாதத்தின் மையத்துக்கு வருகிறேன். 1909 ஏப்ரல் 27-க்குப் பிறகு அப்துல் ஹமீது இல்லை. அரசியல் சட்டம் உண்டு, நாடாளுமன்றம் உண்டு, அகமத் ரிசாவே அதன் அவைத்தலைவர். சுல்தான்தான் நோய் என்றால் இனி நலம் பெற வேண்டும். நடந்தது என்ன? அதே ஆண்டு கோடையில் வந்த சங்கங்கள் சட்டம், இனத்தின் பெயரால் அரசியல் அமைப்பு நடத்துவதைத் தடை செய்தது. வேலைநிறுத்தத்தைக் கட்டுப்படுத்த ஒரு சட்டம் வந்தது. தலைநகர் நீண்டகாலம் ராணுவச் சட்டத்தின்கீழ் இருந்தது. 1911 இறுதியில் இஸ்தான்புல் இடைத்தேர்தலில் எதிர்க்கட்சி ஒரே ஒரு வாக்கில் வென்றது. அதனால் மிரண்ட கழகம் நாடாளுமன்றத்தைக் கலைத்து, 1912-இல் ஒரு தேர்தலை நடத்தியது. துருக்கியர் அதற்குத் ‘தடியடித் தேர்தல்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். 1913 ஜனவரி 23-இல் கழகத்தைச் சேர்ந்த ராணுவ அதிகாரி என்வர் ஒரு சிறு கூட்டத்தோடு அமைச்சரவைக் கட்டடத்துக்குள் புகுந்தார். போர் அமைச்சர் சுட்டுக் கொல்லப்பட்டார். தலைமை அமைச்சரிடம் ராஜினாமா எழுதி வாங்கினார்கள். ஜூனில் புதிய தலைமை அமைச்சர் மஹ்மூத் ஷெவ்கெத் பாஷா கொல்லப்பட்டதும், எதிர்க்கட்சியை வேரோடு பிடுங்க அது காரணமாயிற்று. அரச குடும்பத்து மருமகன் ஒருவர் உள்பட 12 பேர் தூக்கிலிடப்பட்டார்கள். அங்கே இல்லாத சபாஹத்தினுக்கும் மரண தண்டனை விதிக்கப்பட்டது. அரண்மனையில் ஒருவர் கையில் இருந்த அதிகாரம் கழகத்தின் மத்தியக் குழுவுக்கு இடம்பெயர்ந்தது. அதன் இயல்பு மாறவில்லை. ஐந்தாண்டுகளுக்கு முன் எழுதியவரின் வார்த்தையை அவருடைய எதிரிகளே தங்கள் செயலால் மெய்யாக்கினார்கள்.

போர்களும் இழப்புகளும்தான் கழகத்தை அப்படி இறுக்கின, வேறு வழி இல்லை என்று ஒரு மறுப்பு உண்டு. 1908 அக்டோபரில் ஆஸ்திரியா போஸ்னியாவை இணைத்துக்கொண்டது, பல்கேரியா சுதந்திரம் அறிவித்தது, 1911-இல் இத்தாலி லிபியாவில் இறங்கியது, 1912-இல் பால்கன் நாடுகள் சேர்ந்து தாக்கின. இவை மெய்யான நெருக்கடிகள். ஆனால் ஹசன் ஃபெஹ்மியின் கொலையும் சங்கங்கள் சட்டமும் லிபியப் போருக்கு இரண்டாண்டு முந்தியவை. அல்பானியாவில் 1910 முதல் ஆண்டுதோறும் கிளர்ச்சி எழுந்ததற்குக் காரணம், புதிய வரி, கட்டாயப் படைச்சேர்ப்பு, ஆயுதப் பறிமுதல், அவர்கள் மொழியை எந்த எழுத்தில் எழுதுவது என்பதில்கூட அரசு தலையிட்டது ஆகியவைதான். நெருக்கடி மையப்படுத்தலை உண்டாக்கியது என்பது பாதி உண்மை. மையப்படுத்தல் நெருக்கடியை உண்டாக்கியது என்பது மறுபாதி. அதை மறைத்துவிட்டு அந்த ஆண்டுகளின் வரலாற்றை எழுத முடியாது.

இஸ்மாயில் கெமாலின் வாழ்க்கை இங்கே வந்து நிற்கிறது. சபாஹத்தினின் எதிரிகள் இன்றும் கையில் எடுக்கும் வலுவான ஆயுதம் அவர்தான். 1902 மாநாட்டில் சபாஹத்தினின் தோழர், பிறகு நாடாளுமன்றத்தில் தாராளவாதிகளின் முன்னணி உறுப்பினர். அதே மனிதர் 1912 நவம்பர் 28-இல் வ்லோரா நகரில் அல்பானியாவின் சுதந்திரத்தை அறிவித்தார். பார்த்தீர்களா, அதிகாரப் பரவல் கேட்டவன் கடைசியில் பிரிந்துதான் போனான் என்பார்கள். காலவரிசையை ஒழுங்காக வைத்தால் கதை வேறாகத் தெரியும். அவர் பத்தாண்டுகள் பேரரசுக்குள்ளேயே ஏற்பாடு தேடினார், தேர்தலில் நின்றார், நாடாளுமன்றத்தில் வாதாடினார். அல்பானியாவைச் சுற்றிலும் பால்கன் படைகள் நுழைந்து, பேரரசால் அந்த நிலத்தைக் காக்க முடியாது என்று தெரிந்த பிறகே சுதந்திரம் அறிவித்தார். அறிவிக்காமல் இருந்திருந்தால் அவர் ஊரை அண்டை நாடுகள் பங்கு போட்டுக்கொண்டிருக்கும். அரபு மாகாணங்களிலும் இதே வரிசைதான். சிரியத் தலைவர்கள் கெய்ரோவில் தொடங்கிய கட்சி, தன் பெயரிலேயே நிர்வாகப் பரவலை வைத்திருந்தது. 1913 ஜூனில் பாரிஸில் கூடிய அரபு மாநாடும் பேரரசுக்குள் சீர்திருத்தம்தான் கேட்டது. ஆர்மீனியரின் கதையோ சொல்லவே நெஞ்சு கனக்கிறது. 1907-இல் சபாஹத்தினோடும் அகமத் ரிசாவோடும் தலைமை மேடையைப் பகிர்ந்த மலூமியான், புரட்சிக்குப் பிறகு இஸ்தான்புல்லுக்கு வந்து, கழகத்தோடு ஒத்துழைக்க முடியும் என்று நம்பியவர். 1915 ஏப்ரல் 24-இல் கைது செய்யப்பட்ட ஆர்மீனிய அறிவாளர்களில் அவரும் ஒருவர், பின்னர் கொல்லப்பட்டார். பிரிவினையைத் தடுக்கவென்று பூட்டப்பட்ட அதிகாரம், பிரிய நினைக்காதவர்களையும் விட்டுவைக்கவில்லை. சபாஹத்தினின் திட்டம் பேரரசைக் காத்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்ல ஆதாரம் கிடையாது. பேரரசைச் சிதைத்தது அவருடைய திட்டம்தான் என்பதற்கும் ஆதாரம் கிடையாது. அத்திட்டம் ஒருநாளும் முயன்று பார்க்கப்படவில்லை.

அடுத்த மறுப்பு இதைவிடக் கனமானது. இதற்கு என்னால் முழுப் பதில் சொல்ல இயலாது. டெமோலான் வியந்த ஆங்கிலோ-சாக்சன் மேன்மை சொந்த உழைப்பால் மட்டும் வந்ததா? அந்த மேன்மையின் மறுபக்கத்தை இந்தியராகிய நாம் அறிவோம். நம் நெசவாளர் தறியை விட்டது தனிமனித முயற்சி குறைந்ததால் நேர்ந்ததன்று. உதுமானிய நாட்டிலும் நிலைமை வேறில்லை. 1838-இல் இங்கிலாந்தோடு செய்த வணிக ஒப்பந்தம், சுங்கவரியைத் தன் விருப்பப்படி உயர்த்தும் உரிமையை அரசிடமிருந்து பறித்தது. வெளிநாட்டவர் உள்ளூர் நீதிமன்றத்துக்கும் வரிக்கும் கட்டுப்படாத சலுகைகள் பல நூற்றாண்டுப் பழமையானவை. 1881-இல் கடன் கொடுத்தவர்களுக்காக அமைக்கப்பட்ட கடன் நிர்வாகம் உப்பு, முத்திரைத்தாள், பட்டு, மீன், சாராயம் ஆகியவற்றின் வருவாயை நேரடியாக எடுத்துக்கொண்டது. இந்தச் சூழலில் ஓர் இளைஞன் உத்தியோகத்தை விட்டு ஆலை வைத்தால், இறக்குமதிச் சரக்கோடு எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் மோத வேண்டும். குடும்ப அமைப்பிலும் கல்வியிலும் காரணம் தேடிய சபாஹத்தின், இந்த வெளிப் பூட்டுகளுக்குக் கொடுத்த இடம் போதாது. ஒரு சமூகம் முழுவதையும் கூட்டுச் சமூகம் என்ற ஒரே சொல்லில் அடைத்ததும் பிழை. ஆர்மீனிய, கிரேக்க வணிகரும் அதே மண்ணில்தான் கூட்டுக் குடும்பங்களில் வளர்ந்தார்கள். அவர்கள் தொழில் முனைவோராக இருக்கவில்லையா? லெ ப்ளே குடும்பம் குடும்பமாகப் போய்க் கணக்கெடுத்தார். அவரைப் பின்பற்றிய சபாஹத்தினின் எழுத்துகளில் அனத்தோலியக் குடியானவனின் வரவுசெலவைவிடக் கோட்பாடே நிறைந்திருக்கிறது. மெஹ்மத் அலி ஷெவ்கி போன்ற அவருடைய மாணாக்கர் பின்னால் கள ஆய்வின் பக்கம் சென்றது இந்தக் குறையை உணர்ந்ததால் இருக்கலாம். இவ்வளவு சொன்ன பின்னும் ஒன்று மிஞ்சுகிறது. வெளிப் பூட்டுகள் உத்தியோக மோகத்துக்கு ஒரு காரணம். அந்த மோகம் அரசியலை என்ன செய்தது என்ற கேள்வி அதனால் மறைந்துபோவதில்லை. கழகத்தின் தலைவர்களில் பெரும்பாலோர் ராணுவ அதிகாரிகளும் அரசு ஊழியர்களும்தான். அரசு ஒன்றே அவர்கள் அறிந்த கருவி. கையில் இருந்த கருவியால் எல்லாவற்றையும் செய்ய முயன்றார்கள்.

சபாஹத்தினின் சொந்த முரண்பாட்டையும் பார்க்க வேண்டும். சமூகம் அடியிலிருந்து மாற வேண்டும் என்று எழுதியவர், தம் வாழ்வில் மேலிருந்து பிடிக்கும் குறுக்குவழிகளை நாடியது ஏன்? 1903-இன் சதித்திட்டத்தை இளமையின் அவசரம் என்று விடலாம். ஆனால் 1913-இல் தலைநகரில் ஆட்சியைக் கவிழ்க்க முயன்ற வட்டங்களோடு அவர் பெயர் மறுபடி இணைந்தது. அவருடைய நெருங்கிய ஆதரவாளர் சிலர் அதில் இருந்தார்கள். அவர் கோழை என்றோ வஞ்சகர் என்றோ சொல்வதில் பயனில்லை. அவர் கொள்கைக்கு ஆட்கள் இல்லாததே காரணம் என்று எனக்குப் படுகிறது. தனிமனித முயற்சியை ஆதரிக்க வேண்டியது நிலமும் தொழிலும் உடைய ஒரு நடுத்தர வர்க்கம். அந்த வர்க்கம் முஸ்லிம் சமூகத்தில் சிறிது. மற்ற சமூகங்களில் இருந்தவர்களுக்கோ தங்கள் தேசிய இயக்கங்கள் நெருக்கமாக இருந்தன. ஆகவே அவருடைய தாராளவாதத்தைச் சுமந்தவர்கள் பாஷாக்களும், பத்திரிகையாளர்களும், பதவி இழந்த அதிகாரிகளும்தான். அவர் குறை சொன்ன உத்தியோக வட்டமே அவர் கட்சியாகவும் இருந்தது. கழகத்தோடு போட்டியிட அவர்களுக்குத் தெரிந்த வழியும் கழகத்தின் வழியே. எர்சுரூமின் கடைக்காரர்களை ஒரு நிலையான அமைப்பாகத் திரட்டும் பொறுமையும் பணமும் காலமும் பாரிஸில் இருந்த ஒரு சிறு சங்கத்துக்கு இல்லை. அவருடைய தோல்வியின் மெய்யான இடம் இது. 1902 தீர்மானத்தையே பேசிக்கொண்டிருப்பவர்கள் இதைப் பார்ப்பதில்லை.

முதல் உலகப்போர்க் காலத்தை அவர் சுவிட்சர்லாந்தில் கழித்தார். தம் சிந்தனையின் முழு வடிவமாக, துருக்கியை எப்படிக் காப்பாற்றலாம் என்ற கேள்வியையே தலைப்பாகக் கொண்ட நூலை 1918-இல் வெளியிட்டார். போர் முடிந்து 1919-இல் இஸ்தான்புல் திரும்பினார். 1924 மார்ச் 3-இல் அங்காராவின் பெருமன்றம் கலீஃபா பதவியை ஒழித்து, உதுமானியக் குடும்பத்தினரை வெளியேற்றும் சட்டத்தையும் அதோடு நிறைவேற்றியது. பெண்வழிப் பிள்ளைகளும் அச்சட்டத்துக்குத் தப்பவில்லை. அரியணை உரிமையைத் தராத இரத்த உறவு, நாடுகடத்தப் போதுமான உறவாயிற்று. மூன்றாவது வெளியேற்றத்துக்கு அவர் கருத்து காரணமில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். கழகம் அவரைத் துரத்தியதையும் குடியரசு அவரை அனுப்பியதையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. ஆனாலும் அவர் எழுப்பிய விவகாரம் அந்தக் குடியரசின் ஏடுகளிலேயே தொடர்ந்தது. சுதந்திரப் போரின் நடுவில் 1921 ஜனவரியில் இயற்றிய அரசியல் சட்டம், உள்ளூர் விவகாரங்களில் மாகாணங்களுக்குச் சட்ட ஆளுமையும் தன்னாட்சியும் உண்டு என்று 11-ஆம் பிரிவில் எழுதியது. ஊர் ஊராக மக்களைத் திரட்ட வேண்டியிருந்த நேரத்தில் அந்த வாக்குறுதி தேவைப்பட்டது. வெற்றி கிடைத்து, 1924 ஏப்ரலில் புதிய அரசியல் சட்டம் வந்தபோது, தன்னாட்சி என்ற பேச்சே அதில் இல்லை. அதன் 91-ஆம் பிரிவு, 1876 சட்டத்தின் 108-ஆம் பிரிவிலிருந்த பழைய வாசகத்தையே எடுத்துக்கொண்டது. சபாஹத்தின் 1908-இல் நிறைவேற்றச் சொல்லிக் கேட்ட வாசகம் அது. அவரை வெளியேற்றி ஏழு வாரங்கள்கூட ஆகவில்லை.

அவர் 1948 ஜூன் 30-இல் சுவிட்சர்லாந்தின் நூஷாத்தெல் அருகே கொலம்பியே என்ற ஊரில் இறந்தார். 1952-இல் உடல் இஸ்தான்புல்லின் எயூப்புக்குக் கொண்டுவரப்பட்டது. துருக்கியின் மாகாண மன்றங்களோ, 1913 மார்ச்சில் ஐக்கிய முன்னேற்றக் கழகத்தின் ஆட்சி, நாடாளுமன்றம் கூடாத வேளையில் தற்காலிகச் சட்டமாகப் பிறப்பித்த ஒரு மாகாணச் சட்டத்தின்கீழ் அதற்குப் பின்னும் பல பத்தாண்டுகள் இயங்கின. மூன்று மாதம் கழித்து அவருக்கு மரண தண்டனை விதித்த அதே ஆட்சிதான் அது. அச்சட்டம் மாகாணத்துக்குச் சொந்த வரவுசெலவும் தேர்ந்தெடுத்த மன்றமும் கொடுத்தது. அந்த மன்றத்தின் தலைமையில் தலைநகர் நியமித்த ஆளுநரை உட்காரவைத்தது.